சதுரத்துக்குள் கால்

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். விடியலிலிருந்து தூறல். தெருவெல்லாம் சிவப்புக் காகிதம் ஊறிக் கிடக்கிறது. எதிர்வீட்டிலிருந்து ஒரு தூக்கு அதிரசம். நமக்குத் தீபாவளி கிடையாது, அதிரசம் மட்டும் உண்டு. நல்ல ஏற்பாடுதான்.

நாளை பாலாற்று முகத்துவாரக் குப்பத்துக்குக் கிளம்ப வேண்டும். மறக்காமல்: அளவுக் கை, கம்பிகள், ரசமட்டம், பலகை கட்டக் கயிறு, மாற்றுப் புடவை, சேற்றுப் புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய், ரோசி அக்காவுக்கு அதிரசம். போன முறை ரசமட்டத்தை விட்டுவிட்டுப் போய் ஆராய்ச்சி மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கூட உதவிக்கு ஆள் இல்லை. வழக்கமாக வரும் குப்பத்துப் பெண்ணுக்கு நிறைமாதம். நம் தெரு சகுந்தலா சின்னம்மாவைக் கேட்டேன். மானாம்பதியில் அவள் கால் படாத வயல் இல்லை. ஏரியில் தண்ணீர் ஏறாததால் நடவு தள்ளிப் போகிறது, சும்மாதான் இருக்கிறாள்.

"இன்னா வேலமே அது? மீன் புடிக்கறதா?"

"மண்ண அளக்கறது சின்னம்மா."

"மண்ண எதுக்கு அளக்கற? அது எங்கனா ஓடிப் போயிடப் போவுதா?"

"ஓடாது. ஏறும், எறங்கும்."

நம்பவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். கடல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கழிவெளிச் சதுப்புச் சேறும் சும்மா கிடப்பதில்லை. ஆற்று வண்டல் வந்து மேலே படிகிறது. உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச் செடி வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அதே சமயம் அடிமண் அமுங்கிக்கொண்டும் இருக்கிறது. தண்ணீர் ஏறுகிற வேகத்துக்குச் சேறும் ஏறினால் கரையில் இருக்கிற ஊர் பிழைக்கும். சேறு பின்தங்கினால் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும்.

சின்னம்மா அதிரசத்தை மென்றுகொண்டே கேட்டாள். கடைசியில், "அப்ப நம்ம ரோசி வூடு?" என்றாள். கெட்டிக்காரி. எங்கே தொட வேண்டுமோ அங்கே தொட்டாள்.

அதுதான் விஷயம். நவம்பர் 4 அன்று குப்பத்தில் அதிகாரிகள் கூட்டம். குப்பத்துப் பக்கம் சேறு ஏறுகிறது என்று அளவு சொன்னால், வீடுகளுக்கு அடித்தளம் உயர்த்திக் கொடுத்து அங்கேயே இருக்க விடுவார்கள். இறங்குகிறது என்றால் ஊரையே உள்ளே மேட்டு நிலத்துக்கு மாற்றச் சொல்லுவார்கள். உப்பங்கழி ஓரத்தில் முதல் வீடு என் அக்கா வீடு.


அக்டோபர் 22, புதன்

செங்கல்பட்டில் பஸ் மாறி, மழையில் நனைந்து, குப்பம் போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது. வழியெல்லாம் சின்னம்மா ஜன்னலுக்கு வெளியே தலை. டிரைவர் திட்ட, கண்டக்டர் திட்ட, நானும் திட்ட.

நேற்று அமாவாசைத் தண்ணீர் அக்கா வீட்டு வாசற்படி வரை வந்து போயிருக்கிறது. படியில் நுரைக் கோடு காயாமல் அப்படியே. அக்கா அதைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் பார்ப்பதற்குள் தேய்த்துவிட வேண்டும் என்பது போல.

"இன்னாக்கா, படி வரிக்கும் வந்துடுச்சா?"

"சும்மா எட்டிப் பாத்துட்டுப் போச்சி. நீ வந்தியான்னு பாக்க வந்திருக்கும்."

வாய்க்குக் குறைவில்லை. சூசை மாமா போய் மூன்று வருடம். அன்றிலிருந்து தனி ஆள். கழியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறாள். எங்களோடு வந்து இரு என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே பதில். "உங்க ஊர் ஏரியில இறாலா கீது?"

மதியம் அளவுச் சதுரங்களுக்குப் போனோம். குப்பத்துப் பக்கம் இரண்டு, கழிக்கு அக்கரையில் ஒன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் இரும்புக் கம்பம், இனி இறங்கவே இறங்காது என்கிற ஆழம் வரை அடித்தது. சுற்றிலும் கயிறு. கம்பத்தின் தலையில் கையை மாட்டி, அதிலிருந்து கம்பிகளை விட்டு, நுனி சேற்றைத் தொட்டதும் அளக்க வேண்டும். கம்பம் அசையாது, அதனால் சேறு ஏறியதா இறங்கியதா என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு கட்டளை. சதுரத்துக்குள் கால் படக் கூடாது. பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

சின்னம்மாவிடம் மூன்று தரம் சொன்னேன். "சதுரத்துக்குள்ள கால் வெக்காத. குப்ப கெடந்தா பலகைமேல நின்னுக்கினு எடு."

"தெரியுதுமே. நான் இன்னா சின்னக் கொயந்தையா?"

அதற்குள் மேடத்திடமிருந்து மிஸ்டு கால். அங்கே சிக்னல் வந்து வந்து போகும், பேச முடிவது வேதக் கோயில் படியில் மட்டும். சின்னம்மாவை விட்டுவிட்டு ஓடினேன். மேடம் விடாமல் பேசினார். எல்லாம் கூட்டத்தைப் பற்றி. திரும்பி வந்தபோது ஒரு சாக்கு நிறையப் பிளாஸ்டிக் குப்பையும், கால் கழுவிக்கொண்டு சின்னம்மாவும்.

அக்கரைக்கு நான் மட்டும் போனேன். சின்னம்மா படகைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டாள். "பஸ்ஸுக்கே கொடல் வாயில வந்துடுச்சி. என்ன வுட்டுடு."

ராத்திரி தண்ணீர் ஏறும், வடிந்ததும் காலையில் அளக்க வேண்டும்.


அக்டோபர் 23, வியாழன்

ஏற்றம்!

குப்பத்துப் பக்கம் இரண்டு சதுரத்திலும் ஏற்றம். போன வருட அளவை விட நல்ல ஏற்றம். என் கண்ணை நானே நம்பாமல் ஒவ்வொரு கம்பியையும் இரண்டு முறை இறக்கினேன். அதே அளவு. சின்னம்மா குடை பிடித்துக்கொண்டு, "இன்னாமே, அயுவுற மாதிரி கீற?" என்றாள். அழவில்லை. அழுதேனோ என்னவோ.

போன முறை உள்ளே இருந்த உமரி நாற்றுகளைக் காணோம். ஆடு மேய்ந்திருக்கும். நண்டு வளைகளும் இல்லை. அமாவாசைத் தண்ணீர் மூடியிருக்கும்.

அக்கரைச் சதுரம் மட்டும் இறக்கம். அங்கே அடையாளத்துக்குத் தூவிய வெள்ளைப் பொடிக்கு மேல் புது வண்டல் நன்றாகவே படிந்திருக்கிறது. இருந்தும் மொத்தத்தில் இறக்கம். அப்படியென்றால் அடியில் அமுங்குவது அதிகம். சரி, அது அக்கரை. அங்கே வீடு இல்லை.

அக்காவிடம் சொன்னதும் இறால் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மாமா போன பிறகு அப்படி வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. மதியத்துக்குள் குப்பம் முழுக்கச் செய்தி. "என் தங்கச்சி அளந்துட்டா. மண்ணு ஏறுதாம். யாரும் எங்கியும் போவத் தேவல." வழியில் பார்த்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் எனக்கு சோடா வாங்கித் தந்தார்.

இறால் தொக்கு. மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன். சின்னம்மா நான்கு.


அக்டோபர் 25, சனி

வீடு. மழை விட்டு விட்டு. ஆடு குட்டி போட்டது, ஒன்று கறுப்பு, ஒன்று கால் மட்டும் வெள்ளை. இவர் வெள்ளைக்காலுக்கு சாக்ஸ் என்று பேர் வைத்திருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிற மனுஷனுக்குப் பேர் வைக்கத் தெரிந்த லட்சணம்.

அளவுகளை அனுப்பியதும் மேடம் உடனே கூப்பிட்டார். குரலில் சந்தோஷம், ஆனால் அவர் சந்தோஷத்துக்கு எப்போதும் ஒரு வால் உண்டு. "ஒரே வருஷத்துல இவ்வளவா? நல்லா பார்த்தீங்களா ஸ்டெல்லா?" ரெண்டு தரம் பார்த்தேன் மேடம் என்றேன். "ஆத்துல இந்த வருஷம் வெள்ளம் நல்லா வந்துச்சே, அதுவா இருக்கலாம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அக்கா போன் செய்தாள். கல்லறைத் திருநாளுக்கு மாமா கல்லறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊற வைத்திருக்கிறாளாம். வாசலில் புதுப் படி கட்ட ஆள் சொல்லிவிட்டாளாம். இத்தனை வருடம் கட்டாத படி.


அக்டோபர் 27, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது, நடவு ஆரம்பம். குட்டிகளுக்குத் தழை ஒடிக்கப் போனவள் வரப்பில் நின்று சின்னம்மாவோடு பேசினேன். நாற்று முடியைப் பிரித்து நட்டுக்கொண்டே பேசினாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அப்போதுதான் காலைப் பார்த்தேன்.

பின்னால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும், முன்னால் விட்ட கால்குழியைப் பாதத்தால் ஒரு தள்ளுத் தள்ளி மூடிவிடுகிறாள். மேடாக இருந்தால் குதிகாலால் அமுக்கி, பள்ளத்துக்கு இழுத்து விடுகிறாள். இடையில் ஒரு கோரை தெரிந்தால் கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் பிடித்துப் பிடுங்கிச் சேற்றுக்குள் மிதித்துவிடுகிறாள். குனிந்து பார்ப்பதே இல்லை. கால் தானாகச் செய்கிறது.

வரப்பிலிருந்து இறங்கி அவளருகே போனேன்.

"சின்னம்மா, அன்னிக்கு என் சதுரத்துல..."

"ஆமாமே, சொல்ல மறந்துட்டேன் பாரு. இன்னா அது அப்டி வெச்சினுகீற? ஒரே மேடும் பள்ளமும். நண்டு வேற தோண்டித் தோண்டிப் போட்டுகீது. களயா மொளச்சிக் கெடக்குது. அளக்கற எடம், சுத்தமா இருக்க வாணாமா? பிடுங்கிப் போட்டுட்டு, ஓரத்துலருந்து நாலு வாரு சேறு வாரிப் போட்டு, மட்டம் பண்ணி வுட்டேன். ரெண்டு சதுரமும். எப்டி, நல்லா ஏறிச்சா இல்லியா?"

"உள்ள கால் வெக்காதன்னு சொன்னேனே!"

"வெக்கலியே. ஒரு கால் பலகமேலதான கீது. இன்னொரு காலாலதான் தள்னேன்."

பெருமையாகச் சொன்னாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். "அவ காலு சும்மா இருக்காதுடி. தூக்கத்துலகூட பாய மட்டம் பண்ணும்." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அவளை எப்படித் திட்டுவது? சேறு மேடு பள்ளமாகக் கிடந்தால் அவளுக்கு அது செய்யாமல் விட்ட வேலை. அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கோயில் படிக்கு ஓடியவள் நான்.

ஆட்டைச் சொன்னேன், அமாவாசையைச் சொன்னேன். கண்ணெதிரே கிடந்ததைப் பார்க்கவில்லை.


அக்டோபர் 28, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, விறகும் ஈரம்.

என் தலைக்குள் இப்படி ஓடுகிறது. இரண்டு சதுரம் கெட்டது. மீதி அக்கரை ஒன்றுதான் உண்மை. அது இறக்கம். குப்பத்துப் பக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்குமா? இருக்கலாம். இருக்காது. மறுபடி போய் அளந்தாலும் வாரிப் போட்ட சேற்றை யார் பிரித்து எடுப்பது?

இவரிடம் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சின்னம்மா தவிர யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"நீ எதுக்கு வாயத் தொறக்கணும்? உங்கக்கா அங்கியே இருக்கட்டும். அது ஆசப்படுது. நீ ஒண்ணியும் பொய் சொல்லல, கம்பி காமிச்சத எய்தின."

"தண்ணி வூட்டுக்குள்ள வந்தா?"

"வந்தா அப்பால பாத்துக்கலாம்."

அப்பால பாத்துக்கலாம். இந்த மனுஷனின் வேதமே அதுதான். ஆனால் ஒரு கணம் எனக்கும் அது இனித்தது. அதுதான் பயமாக இருக்கிறது.


அக்டோபர் 30, வியாழன்

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. ஊரே போய் நின்று வேடிக்கை பார்க்கிறது. மாகறல் பக்கம் செய்யாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறதாம், ஒரே செந்நிறமாம். இந்த வண்டல்தான் பாலாற்றில் கலந்து கடைசியில் அக்கா வீட்டுக் கழிக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எத்தனை தடுப்பணை, எத்தனை மணல் அள்ளிய குழி. அதையெல்லாம் நிரப்பிய பிறகு மிச்சம் எவ்வளவு போகும்? நம் ஊர்க் கிணறு ஊற அந்தத் தடுப்பணை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு. இன்று கேட்டாலும் போடுவேன். யாரைக் குறை சொல்ல?

மேடத்துக்கு மூன்று முறை போன் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நான்காம் முறை அவரே கூப்பிட்டுவிட்டார். "என்ன ஸ்டெல்லா, கூப்பிட்டீங்களா?" "கை தவறிப் பட்டுடுச்சி மேடம்." கை தவறி. கால் தவறி. எல்லாம் தவறி.

அக்கா மறுபடி போன். கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் நான்தான் எழுந்து அளவைச் சொல்ல வேண்டுமாம். "நல்ல பொடவ கட்டிக்கினு வா. அந்தப் பச்ச."

முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். மேடத்துக்கு முன்னால். அது ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது.


நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். குப்பம். இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே. மழை இல்லை, புழுக்கம்.

எல்லாக் குடும்பமும் கல்லறைத் தோட்டத்தில். வெள்ளையடிப்பு, மெழுகுவத்தி, செவ்வந்தி, குழந்தைகளின் சத்தம். தோட்டம் கழியை ஒட்டி இருக்கிறது. ஓரத்தில் இருக்கிற கல்லறைகளில் உப்பு பூத்திருக்கிறது. மாமாவுடையது ஓரத்திலிருந்து இரண்டாவது. மண் மேடு, தலைமாட்டில் சிமெண்டுச் சிலுவை, அதில் பேர்.

அக்கா கூடையில் மண் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தாள். கூடையை வாங்கப் போனேன், தரவில்லை.

"எத்தினி கூட போடறக்கா?"

"அது கெடக்குது. வருசா வருசம் போடறேன். போன வருசம் இடுப்பு வரிக்கும் மேடாக்கி வுட்டேன், இப்ப பாரு, முட்டிக்குக் காணோம். உங்க மாமா உயிரோட கீறப்பவே ஒரு எடத்துல நிக்க மாட்டாரு. இப்பவும் கீய கீய எறங்கிக்கினே போறாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நான் முகத்தை மாற்றிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே என் முகம் அவளுக்கு மனப்பாடம்.

"இன்னாடி?"

சொன்னேன். சின்னம்மாவின் காலை, வாரிப் போட்ட சேற்றை, பிடுங்கிய உமரியை, அக்கரை இறக்கத்தை. எல்லாவற்றையும் மாமா தலைமாட்டில் நின்றுகொண்டு. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"சின்னம்மாவுக்கு. எங்க வூட்டுக்காரருக்கு. எனக்கு. இப்ப உனக்கு."

"மேடத்துக்கு?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாத."

"அக்கா..."

"சொல்லாதடி. உன் காலுல வேணும்னாலும் வுயறேன். அவங்க சொல்ற எடத்துக்குப் போயி நான் இன்னா பண்ணுவேன்? அங்க இறாலு மரத்துலயா காய்க்கும்? இவர யாரு பாப்பாங்க? வருசத்துக்கு ஒரு நாளு வந்து மெயுவத்தி கொளுத்திட்டுப் போறதுக்கா நான் இங்க கீறேன்?"

"தண்ணி வரும்க்கா. தூங்கற நேரத்துல வரும்."

"வரட்டும். எனக்கு நீச்சல் தெரியும்."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து மீதி மண்ணைக் கொட்டினாள். சுண்ணாம்பு மட்டையை எடுத்துச் சிலுவைக்கு அடித்தாள். என் கையில் ஒரு மெழுகுவத்தியைத் திணித்தாள். கொளுத்தினேன், காற்றில் அணைந்தது, மறுபடி கொளுத்தினேன். சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. அக்கா வீட்டிலிருந்து சாப்பிடாமல் வந்தது இதுதான் முதல் தரம்.


நவம்பர் 3, திங்கள்

குட்டி சாக்ஸுக்குக் கழிச்சல். மாதுளைத் தோல் அரைத்துக் கொடுத்தேன்.

காலையில் ஆட்டுப் பால் கறக்கும்போது ஒன்று தோன்றியது. அக்கா என்னிடம், மேடத்துக்குச் சொல்லாதே என்றாள். பொய் என்று சொல்லவில்லை. அப்படி இருக்காது என்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை. வருடா வருடம் கூடை கூடையாக மண் சுமக்கிறவளுக்கு நான் எதைப் புதிதாகச் சொல்லிவிட்டேன்?

மேடத்தைக் கூப்பிட்டேன். இந்த முறை வைக்கவில்லை. முழுக்கச் சொன்னேன். சின்னம்மா பேரைச் சொல்லவில்லை, "கூட வந்தவங்க" என்றேன். என் பேரைச் சேர்த்தேன்.

தேதியைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த ரெண்டையும் எடுத்துடலாம். அக்கரை ஒண்ணை மட்டும்தான் சொல்ல முடியும்" என்றார். பிறகு, "உங்க அக்கா அங்கதானே இருக்காங்க?" என்றார். ஆமாம் மேடம் என்றேன். "நாளைக்கு நீங்க வர வேண்டாம்னாலும் பரவாயில்ல."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.


நவம்பர் 4, செவ்வாய்

பச்சைப் புடவை கட்டவில்லை.

கோயில் முற்றத்தில் ஷாமியானா. அதிகாரிகள் மூன்று பேர், மேடம், குப்பம் முழுக்க. அக்கா கடைசி வரிசையில், தூணில் சாய்ந்துகொண்டு. என் பக்கம் பார்க்கவில்லை.

மேடம் நல்லபடியாகத்தான் சொன்னார். இரண்டு இடத்து அளவு கெட்டுவிட்டது, நம்ப முடியாது. ஒரு இடத்து அளவு மட்டும் சரி. அங்கே மேலே வண்டல் விழுகிறது, ஆனால் அதை விட வேகமாக அடிமண் அமுங்குகிறது. கடலோ ஏறுகிறது. ஒரு சதுரத்தை வைத்து முழுக்கச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஏறுகிறது என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

உடனே கூச்சல்.

"போன மாசம் ஏறுதுன்னு சொன்ன மண்ணு இந்த மாசம் எப்டி எறங்கும்?"

"ஏம்மா, நீதான சொன்ன?"

எனக்கு சோடா வாங்கித் தந்த கிழவர்தான். எழுந்து நின்றேன். "சொன்னது நான்தான். சதுரத்த நான் சரியா பாத்துக்கல. சேறு கலஞ்சிட்டது தெரியாம அளந்துட்டேன். அது ஏத்தம் இல்ல." அவ்வளவுதான் வந்தது.

"எங்க வூட்டு சோத்தத் துன்னுட்டு எங்க வூட்டயே காலி பண்ண வந்துட்டாடா" என்று ஒரு பெண் குரல். யாரென்று பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு முகத்தில் விழிக்க முடியாது.

அதிகாரி ஒருவர், மேட்டு நிலத்தில் இடம் பார்த்தாயிற்று, போகிறவர்களுக்கு முதலில், கட்டாயம் இல்லை, பிறகு பேசலாம் என்றார். எழுதிக்கொண்டார்கள். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது தூணருகில் அக்கா இல்லை. வீட்டுக்குப் போனேன். கதவு உள்தாழ். புதுப் படி முக்கால்வாசி கட்டியிருக்கிறது, ஈர சிமெண்டு. அதில் யாரும் மிதிக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு செங்கல்.

"அக்கா."

உள்ளே இருக்கிறாள் என்று தெரியும், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"நாளைக்குப் பௌர்ணமிக்கா. ராத்திரி கோயிலாண்ட போயி படுத்துக்கோ. எனக்காக."

கடைசி பஸ்.


நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து காற்று. கடலில் ஏதோ புயல் சின்னம் என்று டிவியில். போன் அடிக்கிறது, அக்கா எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஸ்விட்ச் ஆஃப்.

சமையல் செய்தேனா, செய்தேன். உப்பு போட்டேனா, இவர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சின்னம்மா வந்து, அளவு என்ன ஆயிற்று என்று கேட்டாள். சரியாக வரவில்லை என்றேன். "நான் வேணும்னா இன்னொரு வாட்டி வந்து நல்லா பண்ணித் தரட்டா?" என்றாள். ஐயோ சின்னம்மா. வேண்டாம் என்றேன். நிலா மேகத்துக்குள். பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைச் சாத்தினேன்.


நவம்பர் 6, வியாழன்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து அக்கா. மூச்சு விடாமல் நின்றுகொண்டே கேட்டேன்.

"உயிரோட கீறேன். கோயில்லதான் படுத்திருந்தேன்." வைத்துவிட்டாள்.

கோயிலில்தான் படுத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அது போதும், மற்றது எப்படியாவது போகட்டும் என்று ஜெபம் சொன்னேன். ரொம்ப நாளுக்குப் பிறகு முழுசாக.


நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. வெயில்கூட.

பகல் பதினொரு மணி பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். சொல்லவே இல்லை. இவர்தான் ஸ்டாண்டில் பார்த்து ஆட்டோவில் கூட்டி வந்தார். ஒரு துணி மூட்டை, ஒரு சோற்றுப் பானை, ஒரு கோணிப்பை. கோணிப்பையை இவரிடம்கூடத் தரவில்லையாம், மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம்.

வீட்டுக்குள் முட்டி வரை வந்துவிட்டதாம். புதுப் படி தண்ணீருக்குள் இருந்ததாம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆட்டுக் குட்டியைப் பார்த்துச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். கோணிப்பையைப் பிரித்தாள். மாமாவின் சிலுவை. அடித்த சுண்ணாம்பு அங்கங்கே உரிந்து, ஒரு கை உடைந்து.

"மேடு பூரா கரஞ்சி போச்சி. இது மட்டும் சாஞ்சிக்கினு கெடந்துச்சி. ஆள அங்கியே வுட்டுட்டு, பேர எடுத்துக்கினு வந்தேன்."

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாயந்திரம் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் நட. சின்னம்மா கேள்விப்பட்டு நடவிலிருந்து நேராகக் கடப்பாரையோடு வந்துவிட்டாள், காலில் வயல் சேறு காயாமல். அவளே குழி தோண்டினாள். அக்கா சிலுவையை நிறுத்திப் பிடித்தாள். நான் மண் தள்ளினேன்.

மண் நிறைந்ததும் சின்னம்மாவின் வலது கால் ஆரம்பித்துவிட்டது. மேட்டைக் குதிகாலால் அமுக்கி, ஓரத்தை இழுத்து, பள்ளத்தை மூடி. அவள் பாட்டுக்குத் தலைக்கு மேல் போகிற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தக் காலையே பார்த்தாள். அது என்ன செய்த கால் என்று அவளுக்குத் தெரியும். காலைத் தட்டிவிடுவாளோ, கத்திவிடுவாளோ என்று பயந்து ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அக்கா சிலுவையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னும் நல்லா மிதி சின்னம்மா" என்றாள். "இங்க மிதிச்சா நிக்கும்."